போகிறவன் கையில் என்ன இருக்கும்? - கொரியப் பாட்டுக் கம்பெனியும் நம்ம பாய்ஸ் கம்பெனியும்

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் என்பது எழுதாத சட்டம். தோஹாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் தங்கமணி அதை மாற்றியதே இல்லை. போன வாரம் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என் மகள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"என்ன மக்களே?" என்று கேட்டேன். (நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் தனுவச்சபுரம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது அப்படித்தான். ஒரே பிள்ளை என்றாலும் மக்களேதான்.)

"அப்பா, ஒருத்தி குரூப்பை விட்டு வெளியே போனா, அவ பாடின பாட்டை அவளே பாடக் கூடாதா? அவ பேரைக் கூட வெச்சுக்கக் கூடாதா?"

விஷயம் கொரியா. அவளுக்குப் பிடித்த நியூஜீன்ஸ் என்ற ஐந்து பெண்கள் குழு 2024 நவம்பரில் தங்கள் கம்பெனியான அடோரை விட்டுப் போவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் என்.ஜே.இசட். என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மார்ச்சில் சியோல் கோர்ட் தடை போட்டது: கம்பெனியின் அனுமதி இல்லாமல் தனியாக எந்த நிகழ்ச்சியும் கூடாது. அக்டோபர் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் 2029 வரை செல்லும், போக முடியாது. நவம்பரில் திரும்பி வருகிறோம் என்று அறிவிப்புகள் வந்தன. மகள் அன்றிலிருந்தே இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாள்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. நானும் ஒரு காலத்தில் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பாட்டு விஷயத்தில் இல்லை, ஏசி டக்ட் விஷயத்தில். அந்தக் கொசுவத்தியைக் கடைசியில் சுற்றுகிறேன். முதலில் கொரியா.

பதின்மூன்று வருஷம்

கொரியாவில் இந்தக் கதை நியூஜீன்ஸில் ஆரம்பிக்கவில்லை. 2003 டிசம்பரில் டி.வி.எக்ஸ்.க்யூ. என்று ஐந்து பையன்கள் குழு ஒன்றை எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் அறிமுகப்படுத்தியது. ஜப்பான் வரைக்கும் ஓஹோ என்று போனது. 2009 ஜூலையில் ஐவரில் மூன்று பேர், ஜேஜூங், யூச்சுன், ஜுன்சு, கோர்ட்டுக்குப் போனார்கள். ஒப்பந்தம் 13 வருஷம்! நடுவில் விட்டுப் போனால் கம்பெனி செலவழித்த பணத்தைப் போல மூன்று மடங்கு, அதோடு மீதிக் காலத்தில் வரக்கூடிய லாபத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. மீனை வலையில் போட்டுவிட்டு, வெளியே வர வேண்டுமென்றால் கடலை விலைக்கு வாங்கிக் கொடு என்று சொல்கிற மாதிரி.

அதே ஜூலையில் கொரிய அரசின் நியாய வர்த்தக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டது. இனி ஏழு வருஷத்துக்கு மேல் கட்டிப் போடக் கூடாது என்றது. அக்டோபரில் கோர்ட்டும் அந்த மூவரின் பக்கம் சாய்ந்து, தனியாகத் தொழில் செய்வதைத் தடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

ஜெயித்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் ஆரம்பம். டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற பெயர் கம்பெனியிடம் நின்றது. மீதி இரண்டு பேர் அதே பெயரில் தொடர்ந்தார்கள். வெளியே வந்தவர்கள் ஜே.ஒய்.ஜே. என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு 2010ல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். ரசிகர்கள் வந்தார்கள், ஆனால் டிவி பாட்டு நிகழ்ச்சிகள் கதவைத் திறக்கவில்லை. 2013ல் அதே ஆணையம் எஸ்.எம். கம்பெனியையும் ஒரு தொழில் சங்கத்தையும் கூப்பிட்டு, இவர்கள் பிழைப்பில் குறுக்கிடாதீர்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. ஜுன்சு ஒரு டிவி பாட்டு நிகழ்ச்சியில் மறுபடி நின்றது 2015ல். அந்த வருஷ நவம்பரில் நாடாளுமன்றமே ஒளிபரப்புச் சட்டத்தைத் திருத்தி, இப்படி ஒருவரைக் காரணமில்லாமல் ஒதுக்கக் கூடாது என்றது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ஜே.ஒய்.ஜே. சட்டம்.

ஷின்ஹ்வா என்ற மூத்த குழு 2003ல் அதே கம்பெனியை விட்டு வந்தது. தங்கள் பெயர் தங்களுக்கே முழுசாகச் சொந்தமாக 2015 வரை ஆனது. நல்லபடியாகப் பிரிந்த கதையும் இருக்கிறது. 2021ல் காட்செவன் குழுவின் ஏழு பேரும் ஜே.ஒய்.பி. கம்பெனியை விட்டுப் போனபோது பெயர் அவர்கள் கையிலேயே வந்தது. முடியாதது இல்லை, மனசு வேண்டும். அவ்வளவுதான்.

ஆக கொரியாவில் வெளியே போகிறவனிடம் மூன்று விஷயம் பிடுங்கப்படும். பெயர், பாட்டு, மேடை. இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம பாய்ஸ் கம்பெனி

சின்னப் பையன்களைப் பிடித்து, ஒரே வீட்டில் தங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பிப் பாட வைத்து, ஆடக் கற்றுக் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி வாங்கி, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்ச் சம்பாதிப்பது. இதைக் கேட்டதும் கொரியா என்று நினைத்தால் தப்பு. நூறு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் நடந்தது. பெயர் பாய்ஸ் கம்பெனி.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பையன்கள் கம்பெனியை ஆரம்பித்தார். அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்தில் பிறந்த டி.கே. சண்முகம். அப்போது வயது ஆறு! அண்ணன்கள் சங்கரன், முத்துசாமியும் கூடவே. அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் போட்ட நடிகர். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜெகந்நாதய்யரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபா, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி என்று வரிசையாக. பெயரிலேயே 'ஒரிஜினல்' என்று போட வேண்டிய அளவுக்குப் போட்டி போலிருக்கிறது :-)

எங்கள் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1956 நவம்பர் 1க்கு முன்னால் நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர். எங்கள் பக்கத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததே 1979ல்தான். அதற்கு முன்னால் திருவனந்தபுரத்தில் நாடகம் முடித்து நாகர்கோவிலுக்குப் போகிற கம்பெனி, சீன் படுதாவும் பெட்டியுமாக நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று ரோடு வழியாகத்தான் போயாக வேண்டும். தமிழ் நாடகம் எங்கள் வாசல் வழியாகப் போனது என்று எங்கள் தாத்தா பெருமையாகச் சொல்வார். "பாட்டு நமக்காக்கும், அர்த்தம் ரெண்டு பாஷைக்காரனுக்கும்" என்பார்.

பையன்களின் வாழ்க்கை சொகுசு இல்லை. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி உச்ச சுருதியில் பாட வேண்டும். வாத்தியார் கையில் பிரம்பு. சிவாஜி கணேசன் தான் அனாதை என்று சொல்லி கம்பெனியில் சேர்ந்த கதையைச் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பி.யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது மாதம் 15 ரூபாய்க்கு, மூன்று வருஷ ஒப்பந்தத்தில். பையன் பாடுவதைக் கேட்டு அசந்துபோய் முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை அதை 75 ஆக்கினார்.

அப்படியானால் இங்கேயும் அதே கதைதானா? இல்லை. ஒரு இடத்தில் பாதை பிரிகிறது.

தொண்டையில் இருந்த நாடகம்

கம்பெனியை விட்டுப் போகிற பையன் எதை எடுத்துக்கொண்டு போனான்? நாடகத்தையே எடுத்துக்கொண்டு போனான்!

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், அபிமன்யு சுந்தரி. சுவாமிகள் எழுதியதெல்லாம் ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. தமிழ்நாடு முழுக்க எல்லாக் கம்பெனியும் போட்டது. பையனுக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடம். மதுரையில் வள்ளி திருமணம் கற்றவன் தஞ்சாவூரில் போய் நின்றாலும் அதே வள்ளி, அதே முருகன்.

இதிலிருந்து பிறந்ததுதான் ஸ்பெஷல் நாடகம். கம்பெனியே இல்லாத நாடகம் அது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் சந்திப்பார்கள், விடிய விடிய நடிப்பார்கள், காலையில் அவரவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவரவர் பஸ். எல்லோருக்கும் பொதுவாக ஒரே நாடகம் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழாவில் இன்றைக்கும் நடக்கிறது. செங்கோட்டைக் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926ல் இலங்கையில் ஜோடி சேர்ந்து கொட்டகைகளை நிரப்பியது இந்த மாதிரி மேடையில்தான்.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. நவாப் ராஜமாணிக்கம், காளி என். ரத்தினம், அவ்வை சண்முகம். எல்லாம் போட்ட வேடத்தால் ஒட்டிக்கொண்ட பெயர்கள். அந்தப் பெயரை ஜனங்கள் கொடுத்தார்கள். எந்த முதலாளி அதைத் திருப்பிக் கேட்க முடியும்? ஆள் எங்கே போனாலும் பட்டம் கூடவே போனது.

மேடைக் கதவு? எம்.ஜி.ஆர். கதையைப் பாருங்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையனாக இருந்தவர், நடுவில் எம். கந்தசாமி முதலியாரோடு ரங்கூன் பக்கம் நாடகம் நடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்தார். பெரிய வேடங்களும் கிடைத்தன. போய் வந்தவனுக்கு வாசலில் பூட்டு இல்லை, இலையில் சோறு இருந்தது.

இன்னொரு சங்கிலி பாருங்கள். 1922ல் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தார். அவரிடம் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ல் தங்கள் சொந்தக் கம்பெனியை, மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவை, ஆரம்பித்தார்கள். அதில் வந்து சேர்ந்தவர் நாகர்கோவில் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். அவர் பிறகு வெளியே போய் என்.எஸ்.கே. நாடக சபா கண்டார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி 1947 வரை அவர் சிறையில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர் சபாவை விட்டு விலகிய கே.ஆர். ராமசாமி தனிக் கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் கிருஷ்ணன் நாடக சபா! விட்டுப் போனவர் பெயர்ப் பலகையில் கிருஷ்ணன் இருக்கிறார். அண்ணாவின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' எல்லாம் மேடையேறியது அங்கேதான். இரண்டும் பிறகு படமானபோது (1949ல் வேலைக்காரி, 1951ல் ஓர் இரவு) அதே ராமசாமிதான் நாயகன்.

ஒவ்வொரு கம்பெனியும் ஒருவன் வெளியே போனதால்தான் பிறந்தது. வாழை மாதிரி. பக்கக் கன்றைப் பிரித்து நட்டால்தானே அடுத்த தோப்பு?

அந்தக் காலம் பொற்காலமா?

அப்படிச் சொன்னால் தாத்தாவே சிரிப்பார். பாய்ஸ் கம்பெனியின் கொடுமை வேறு பக்கத்தில் இருந்தது. கொரியாவில் போக விடமாட்டேன் என்பார்கள். இங்கே ஒருநாள் காலையில் போகச் சொல்லிவிடுவார்கள்.

காரணம் மகரக்கட்டு. பதினாலு பதினைந்து வயதில் ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும். நேற்று வரை கொட்டகையை அழ வைத்த குரல் இன்றைக்குத் தவளை மாதிரி. ஸ்திரீபார்ட் போட்ட பையனுக்கு மீசையும் அரும்பிவிடும். கம்பெனிக்கு அவனால் என்ன லாபம்? 75 ரூபாய் வாங்கிய சின்னப்பாவே குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டுப் போக வேண்டி வந்தது. ஊருக்குப் போய் சங்கீதம் கற்றார், சிலம்பம் சுற்றினார், ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். 1936ல் 'சந்திரகாந்தா' படம் கிடைத்தது. 1940ல் 'உத்தம புத்திரன்', 1942ல் 'கண்ணகி'. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆனால் அவரோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கிய மற்றப் பையன்கள்? பள்ளிக்கூடம் போகாதவர்கள், வேறு தொழில் தெரியாதவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சுயசரிதையிலும் இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு ராத்திரிக் கூலிக்கு நின்றவர்கள் எத்தனை பேரோ. ஆனாலும் ஒன்று. நிற்க ஒரு மேடை இருந்தது. பாட்டு அவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை.

இப்போது கொசுவத்தி

நான் கத்தாருக்கு வந்தது 2007ல். ஏசி டக்ட் டிசைன். 2010ல் வேறொரு கம்பெனி நல்ல சம்பளத்தில் கூப்பிட்டது. அன்றைய சட்டப்படி பழைய கம்பெனி என்.ஓ.சி. கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நாட்டை விட்டுப் போய், இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி வேலைக்கு வர முடியும். என் மேனேஜர் கொடுக்கவில்லை. "நாங்கள் கற்றுக் கொடுத்ததை வெளியே விற்கப் போகிறாயா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. கற்றுக்கொண்டது என் மண்டையில் இருக்கிறது. அது யாருடையது?

ஊருக்குப் போனேன். வேலுத்தம்பி பெயரில் இருக்கிற எங்கள் ஊர்க் கல்லூரி வழியாகத் தினமும் நடந்து போகும்போது, தெரிந்தவர் யாராவது "லீவா?" என்று கேட்டால் ஆமாம் என்பேன். எத்தனை மாசத்துக்குத்தான் லீவு என்று சொல்வது? தங்கமணி அப்போது மாசமாக இருந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததுதான் டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. ஒரு ஆறு வயசுப் பையன் கம்பெனி கம்பெனியாக மாறி வளர்ந்த கதை அன்றைக்கு எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து வேறு விசாவில் திரும்பி வந்தேன். சட்டமும் மாறியது. 2016 டிசம்பரில் புதுச் சட்டம், 2018ல் பெரும்பாலோருக்கு எக்ஸிட் பெர்மிட் போனது, 2020ல் என்.ஓ.சி. நிபந்தனையே போனது. இன்றைக்கு வருகிற பையன்களுக்கு இதைச் சொன்னால் கதை என்கிறார்கள்.

இங்கே முடித்திருந்தால் நான் நல்லவன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது.

இப்போது எனக்குக் கீழே ஏழு பேர் ஆணி பிடுங்குகிறார்கள். அதில் தூத்துக்குடிக்காரப் பையன் ஒருவன் போன மாதம் ராஜினாமா கொடுத்தான். நான் கை பிடித்துச் சொல்லிக் கொடுத்த பையன். நல்ல வேலைக்காரன். எனக்குக் கோபம். அனுபவச் சான்றிதழில் என்னென்ன ப்ராஜெக்ட் செய்தான் என்று பெயரோடு எழுதித் தரச் சொன்னான். ஆபீஸில், அதெல்லாம் வேண்டாம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார் என்று இரண்டு வரி போதும் என்றார்கள். நானும் சரி என்று மூன்று வாரமாக அந்தக் காகிதத்தை மேஜையில் போட்டு வைத்திருந்தேன். அவன் தினமும் வந்து "சார்?" என்பான். "பார்க்கலாம்" என்பேன்.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது அந்த மூன்றாவது வார வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அதைத்தான் எழுதினேன். அவன் போட்ட டிராயிங், நின்ற சைட், சரி செய்த தப்புகள். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது அவன் நின்றபடியே படித்தான். "இவ்வளவும் நான் செய்தேனா சார்?" என்றான். ஆமாம்ல, நீதான் செய்தாய், எடுத்துக்கொண்டு போ என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "மக்களே, பாட்டு பாடினவங்களுக்கும் சொந்தம்தான். சட்டம் என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா சங்கரதாஸ் சுவாமிகள்னு ஒருத்தர் இருந்தாராக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, கதை நீளமா?" என்றாள்.

நீளம்தான். இருந்தாலும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.